இரண்டு விரல் வெள்ளை

கடைத்தெருவில் அவளை எல்லோரும் அரைநூல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு நூல். அதிலும் பாதியை, கண்ணுக்குத் தெரியவா போகிறது என்று மரவேலைக்காரர்கள் விட்டுவிடுவார்கள். அவள் கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமலும் இருக்க மாட்டாள். பக்கத்துக் கடைத் தச்சர் வாசல் நிலையை நிமிர்த்தி வைத்துவிட்டு, ரசமட்டம் கையில் இருந்தாலும் அவளையும் கூப்பிட்டுக் காட்டுவார். அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பாள். "வலது பக்கம் அரைநூல் தாழ்ந்திருக்கு" என்பாள். தாழ்ந்துதான் இருக்கும்.

படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை. கணவரும் அவளும்தான் அதில் முதலாளி, அவர்களே வேலையாள். மரம் அறுப்பது, மூலை சேர்ப்பது, ஆணி அடிப்பது அவர். அளவெடுப்பது, கண்ணாடி அறுப்பது, காகிதமும் அட்டையும் வெட்டுவது அவள். கல்யாணத்துக்கு முன்பு ஆயத்த ஆடைக் கம்பெனியில் ஆறு வருடம் துணி வெட்டியவள். நாற்பது அடுக்குத் துணியில் ஒரே கோடாகக் கத்தி ஓட்டிப் பழகிய கைக்கு ஒற்றைக் காகிதம் எம்மாத்திரம்? முப்பது வருடத்தில் அவள் கெடுத்த காகிதம் ஒன்றுகூட இல்லை என்று கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அப்படி அவர் சொல்லும்போதெல்லாம் அவள் ஏதாவது ஒரு பொருளைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பெருமை பிடிக்காத பெண் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒருவருடைய கூச்சத்துக்குக் காரணம் அடக்கமா, வேறு ஏதாவதா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்து, பெருக்கிக்கூட முடிக்கவில்லை. தொலைபேசி அடித்தது. கணவர்தான் எடுத்தார். "ஆமாங்க. ஆமாங்க. நாங்கதான் போட்டது. தாராளமா வாங்க" என்று மூன்று முறை தாராளமாகச் சொன்னார். வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே திரும்பினார்.

"யாருங்க?"

"ஓவியக் காட்சிக்கூடம்! நம்ம நர்ஸம்மா வீட்டுப் படம் இருக்குல்ல, அந்தக் கிறுக்கல். அதைக் கண்காட்சியில வைக்கறாங்களாம். எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி சட்டத்தைப் பிரிச்சு உள்ள பாக்கணுமாம். போட்ட கையே பக்கத்துல இருந்தா நல்லதுன்னு இங்கயே வந்து பிரிக்கறாங்களாம். பதினோரு மணிக்கு."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். காகிதத்துக்குன்னே ஒரு பொண்ணு வேலைக்கு வெச்சிருக்காங்களாம். காகித டாக்டர்! நாடி புடிச்சுப் பாக்கும்போல." சிரித்துவிட்டு அவர் தொடர்ந்தார். "நம்ம வேலையப் பாத்து அசந்துட்டாங்கன்னா கண்காட்சிச் சட்டம் அத்தனையும் நமக்குத்தான். எண்பது படமாம்."

அவள் துடைப்பத்தை மூலையில் சாய்த்து வைத்தாள். அது சரிந்து விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தாள். மறுபடி விழுந்தது.

"என்னம்மா, துடைப்பத்துக்கும் அளவெடுக்கறியா?" என்றார் அவர்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு நர்ஸம்மா அந்தப் படத்தை ஒரு நீளக் குழாயில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் அவள் மூன்று மாதம் பார்த்துக்கொண்ட கப்பல் இன்ஜினீயர் ஒருவர், சாவதற்கு முந்தின வாரம் தன் கையாலேயே கொடுத்தது. ஸ்பெயினில் கத்தலோனியா என்கிற பகுதியைச் சேர்ந்த நவீன ஓவியர் ஒருவர் கல்லில் வரைந்து, கல்லிலிருந்தே தாளில் ஒற்றி எடுத்த கல்லச்சுப் படம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஆளோ முகமோ மரமோ அதில் கிடையாது. ஈரத் துடைப்பத்தை இழுத்தது மாதிரி ஒரு கறுப்பு, அதன் தோளில் உட்கார்ந்த ஒரு சிவப்பு, கீழே பாதி தின்ற மஞ்சள், இங்கும் அங்கும் தெறித்த நீலம். "இதுல மேல் பக்கம் எதுங்க?" என்று கணவர் அன்று கேட்டார். நர்ஸம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கும் முதல்ல தெரியல. ஒரு வாரம் பாத்தேன். இப்போ தெரியுது" என்றாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. படம் எங்கே முடிகிறதோ அங்கே அளவு முடியும். அதற்கு வெளியே இருக்கிற வெள்ளைக் காகிதம் கழிவு. காலண்டர் படமோ கல்யாணப் படமோ, வருகிறவர்கள் எல்லோருமே வெள்ளை தெரியாமல் போடச் சொல்லுகிறவர்கள். ஆகவே அவள் நிறம் இருந்த இடத்தை மட்டும் அளந்து கொடுத்தாள், கணவர் அதற்குச் சட்டம் சேர்த்தார். பிறகு தாளைக் கண்ணாடி மேசையில் விரித்து, இரும்பு ஸ்கேலை வைத்து, வழக்கம்போல் கீழ்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அடி வெள்ளையில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. இடது பக்கம் 31, ஒரு சாய்கோடு, 75. வலது பக்கம் ஒரு கிறுக்கல்.

சட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் அளவைப் பென்சிலால் ஓரத்து வெள்ளையில்தான் குறிப்பார்கள். அவளும் அப்படித்தான். வெட்டும்போது குறிப்பும் கழிவோடு போய்விடும். இது யாரோ முன்னால் அளந்தவன் சென்டிமீட்டரில் குறித்தது என்று நினைத்தாள். முப்பத்தொன்றுக்கு எழுபத்தைந்தா? தாளின் எந்தப் பக்கமும் அந்த அளவில் இல்லையே. "அளக்கத் தெரியாதவனெல்லாம் தொழிலுக்கு வந்துட்டான்" என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிக்கொண்டே கத்தியை இழுத்தாள். இரண்டு விரல் அகலத்தில் ஒரு நீளத் துண்டு சுருண்டு தரையில் விழுந்தது. அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார் கணவர்.

சாப்பிட்டு வந்து அடுத்த பக்கத்துக்கு ஸ்கேலை வைத்தபோது நர்ஸம்மா போன் செய்தாள். "சொல்ல மறந்துட்டேன்மா. கீழ பென்சில்ல அவரே போட்ட கையெழுத்து இருக்கு. பக்கத்துல நம்பரும் இருக்கும். எழுபத்தஞ்சு காப்பியில இது முப்பத்தொண்ணாவது. அதுதான் இதுக்கு உயிராம். அது தெரியற மாதிரி போடு."

கழிவுப் பெட்டியில் அட்டைத் துணுக்குகளுக்கு நடுவே அந்தத் துண்டைத் தேடி எடுத்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. மைதாப் பசை காய்ச்சி, துண்டைத் தாளோடு விளிம்புக்கு விளிம்பு பொருத்தி, முன்னும் பின்னும் மெல்லிய வெள்ளைக் காகிதப் பட்டை ஒட்டினாள். அந்தப் பட்டை வெளியே தெரியாமலிருக்க, நடுவில் படத்துக்கு மட்டும் சன்னல் வெட்டி நான்கு பக்கமும் மறைக்கிற அகலமான மவுண்ட் அட்டை வேண்டும். அதற்குச் சட்டமும் பெரிதாக வேண்டும். "சின்னதா இருந்தா எடுப்பா இல்லீங்க" என்று சொல்லிக் கணவரை இன்னொரு சட்டம் செய்ய வைத்தாள். நர்ஸம்மா வந்து கையெழுத்து தெரியவில்லையே என்று கேட்டபோது, "அட்டைக்கு உள்ள பத்திரமா இருக்குக்கா. வெளிச்சம் பட்டா பென்சில் மங்கிடும்" என்றாள். அந்தப் பொய் எப்படி அவ்வளவு தயாராக வாய்க்கு வந்தது என்று அவளுக்கே பிறகு ஆச்சரியமாக இருந்தது.

அதற்கப்புறம் நர்ஸம்மா சிநேகிதியாகிவிட்டாள். அதுதான் கஷ்டம். மாதம் ஒரு தடவையாவது அரைநூல் நர்ஸம்மா வீட்டுக்குப் போவாள். அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பாள். நர்ஸம்மாவுடன் வேலை பார்த்தவர்கள், "எங்க பேரன் இதைவிட நல்லா கிறுக்குவான்" என்பார்கள். சொந்த அக்காவே, "செத்தவன் ஏமாத்திட்டுப் போயிட்டான்டி, நீயும் ஊரை ஏமாத்தாத" என்பாள். நர்ஸம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "உள்ள கையெழுத்து இருக்கு. ஒருநாள் பிரிப்பாங்க. அன்னிக்குப் பாருங்க."

அந்த ஒருநாள் இன்றைக்கு வந்துவிட்டது.

பத்து மணிக்கே நர்ஸம்மா படத்தைப் போர்வையில் சுற்றி வாடகை வண்டியில் கொண்டுவந்து இறக்கினாள். அறுபத்தாறு வயது, நல்ல சேலை, தலையில் எண்ணெய் மினுமினுத்தது. "கண்ணாடிக் கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்கப் போறேன், அரைமணியில வந்துடுவேன். நீ பக்கத்துலயே இரு. அந்தப் பொண்ணு எக்குத்தப்பா ஆணியப் புடுங்கிடப் போறா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கணவர் இரண்டு கடை தள்ளிப் புது மேசை விரிப்பு வாங்கப் போனார். டாக்டர் வரும்போது மேசை சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

கடையில் அவளும் படமும் மட்டும்.

சட்டத்தைக் குப்புறக் கவிழ்த்தாள். பின்பலகையைச் சுற்றி ஒட்டிய பழுப்புக் காகிதம் அப்படியே இருந்தது. அவள் ஒட்டியதுதான். குறடு எட்டும் தூரத்தில் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தாள். காகிதத்தைக் கிழிக்க ஒரு நிமிடம். ஆணி பிடுங்க ஐந்து. துண்டை உருவி எடுத்து, பட்டையைத் தண்ணீர் தொட்டு உரித்துவிட்டால் கையெழுத்து என்று ஒன்று உள்ளே இருந்த சுவடே இராது. இன்ஜினீயர் ஏமாற்றிவிட்டார் என்று ஆகும். செத்தவருக்கு என்ன நஷ்டம்? அவள் குறடை எடுத்தாள். அதன் வாய் முதல் ஆணியைக் கவ்வியது.

பிறகு குறடைக் கீழே வைத்தாள்.

அவளைத் தடுத்தது நல்ல மனசு என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. புதிதாகக் கிழித்த காகிதம் புதிதாகத்தான் தெரியும். பத்தொன்பது வருடத்து அழுக்கை அரைமணியில் ஒட்ட முடியாது. வருகிறவள் காகிதம் படித்தவள், பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவாள். படம் யார் வீட்டிலிருந்து வந்ததோ அவரைத்தான் முதலில் சந்தேகிப்பாள். அவளைத் தடுத்தது இந்தக் கணக்குத்தான். மனிதர்கள் பல சமயம் இப்படித்தான் தப்பு செய்யாமல் இருக்கிறார்கள். அதற்கும் மதிப்பு உண்டா என்பது தனிக் கேள்வி.

நர்ஸக்கா வந்ததும் சொல்லிவிடலாம், பிரிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தாள். நர்ஸம்மாவோ காகித டாக்டருடன் பேசிக்கொண்டே சேர்ந்து உள்ளே நுழைந்தாள். வாசலிலேயே சந்தித்துக்கொண்டார்களாம். பின்னாலேயே கணவரும் வந்து புது விரிப்பை மேசையில் விரித்தார்.

காகித டாக்டருக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். குட்டை முடி, தோளில் பெரிய பை. பையிலிருந்து கையுறை, சிறு விளக்கு, கண்ணில் பொருத்திப் பார்க்கும் பூதக்கண்ணாடி, தூரிகைகள் என்று ஒவ்வொன்றாக விரிப்பில் அடுக்கினாள். அடுக்கிய விதத்தைப் பார்த்ததும் அரைநூலுக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பெண்ணும் ஓர் அரைநூல்தான்.

"ரொம்ப நல்ல வேலை" என்றாள் அவள், சட்டத்தின் மூலைகளைத் தடவிப் பார்த்து. "இத்தனை வருஷத்துல ஒரு மூலைகூட விடலையே."

"மூலை நான்" என்றார் கணவர். "உள்வேலை இவ. அரைநூல் தப்பாது. தப்பினா என் மீசையை எடுத்துடறேன்."

"இருக்கற நாலு முடியும் போச்சுன்னா அப்புறம் மூஞ்சியில என்ன இருக்கும்?" என்றாள் நர்ஸம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அரைநூலும் சிரித்தாள். வாய்தான் சிரித்தது.

"நர்ஸக்கா, ஒரு நிமிஷம். உங்ககிட்ட ஒண்ணு..."

"அப்புறம் பேசலாம்டி. இவங்க பிரிக்கறதைப் பாக்கணும் நான். பத்தொன்பது வருஷம் காத்திருக்கேன்."

பழுப்புக் காகிதம் போயிற்று. ஆணி ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றையும் காகித டாக்டர் ஒரு கிண்ணத்தில் போட்டாள். ஒவ்வொன்றும் 'டிங்' என்றது. நர்ஸம்மா புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, இன்ஜினீயர் எப்படி நடுங்குகிற கையால் குழாயைக் கொடுத்தார் என்பதை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்தை ஏன் அட்டைக்குள்ள மறைச்சீங்க?" என்று கேட்டாள் டாக்டர். "எல்லாரும் வெளிய தெரியற மாதிரிதான் போடுவாங்க."

"வெளிச்சம் பட்டா பென்சில் மங்கிடுமாமே. இவதான் சொன்னா."

டாக்டரின் கை ஒரு கணம் நின்றது. "பென்சில் மங்காதே" என்றாள், பொதுவாக. யாரையும் பார்க்காமல் அடுத்த ஆணிக்குப் போனாள்.

பின்பலகை போயிற்று. படத்தை நிமிர்த்திக் கண்ணாடியைத் தூக்கினாள். நிறங்கள் திடீரென்று கிட்ட வந்தன. சிவப்பு அவ்வளவு சிவப்பாக இருக்கும் என்று பத்தொன்பது வருடம் எதிரே உட்கார்ந்தவர்களுக்கே தெரியவில்லை. டாக்டர் பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள். "இயந்திரத்துல அச்சடிச்ச நகல்னா புள்ளி புள்ளியா தெரியும். இதுல இல்ல. கல்லுதான். நல்ல ஒற்றல்" என்றாள். நர்ஸம்மா கணவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

பிறகு டாக்டர் மவுண்ட் அட்டையின் கீழ் விளிம்பில் ஒரு தட்டையான கத்தியை நுழைத்து மெதுவாகத் தூக்கினாள்.

கையெழுத்து இருந்தது. எண்ணும் இருந்தது. அவற்றுக்கு மேலே, தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், வெள்ளை மங்கிக் காய்ந்த சோளத் தோகை நிறத்துக்கு வந்துவிட்ட ஒரு பட்டை ஒட்டியிருந்தது.

"அதோ!" என்றாள் நர்ஸம்மா. "அதோ பாருங்க, கையெழுத்து!"

டாக்டர் இன்னும் கிட்டக் குனிந்தாள். தாளைக் கொஞ்சம் தூக்கி அடியில் விளக்கைக் காட்டினாள். பட்டையின் நடுவே ஒளி ஒரு கோடாக ஊடுருவியது. விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மரியாதை அலுவலகத்தில் தெரியாதவர்களிடம் காட்டுவது.

"மேடம், இந்தக் கையெழுத்து வேற தாள்ல இருக்கு. கொண்டுவந்து ஒட்டியிருக்காங்க."

"என்னது?"

"இது தனித் துண்டு. சில பேர் இப்படிச் செய்வாங்க. கையெழுத்துப் போடாத படம் ஒண்ணு இருக்கும். வேற கெட்டுப்போன படத்துலருந்து கையெழுத்தை மட்டும் வெட்டி எடுத்து இதுல சேத்துடுவாங்க. மேல அட்டை வெச்சு மறைச்சுடுவாங்க. நாங்க நிறைய பாத்திருக்கோம்."

"சில பேர்னா?" நர்ஸம்மாவின் கை புதுக் கண்ணாடியைக் கழற்றியது. "நான்னு சொல்றீங்களா?"

"நான் யாரையும் சொல்லலை. ஆனா அறிக்கையில இதை எழுதித்தான் ஆகணும். கூடத்துல இதை வைக்க முடியாது."

"செத்துப்போன மனுஷன் கையால வாங்கினேன். அவர் முன்னாலதான் குழாயைத் திறந்தேன். முழுத் தாளா இருந்துச்சும்மா!"

கணவருக்குப் பொறுக்கவில்லை. தன் மனைவியின் பெயரைக் காப்பாற்றும் அவசரத்தில் அவர் முந்திக்கொண்டார். "இதோ பாருங்க. எங்க கடையில இந்த மாதிரி வேலை நடக்காது. இவ கை வெச்ச காகிதத்துல ஒட்டுப்போட்டா நான் தொழிலையே விட்டுடறேன். இங்கருந்து போனப்புறம் நடுவுல எங்கயோ பிரிச்சிருக்காங்க." சொல்லி முடித்த பிறகுதான், நடுவில் அந்தப் படம் இருந்தது யார் வீட்டில் என்பது அவருக்கே உறைத்தது. "நர்ஸம்மா, நான் உங்களைச் சொல்லலை..."

நர்ஸம்மா அவரைப் பார்க்கவில்லை. அரைநூலைப் பார்த்தாள். சந்தேகப்பட்டு அல்ல. இங்கே எனக்காகப் பேச நீ ஒருத்தி இருக்கிறாயே என்கிற பார்வை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நான்தான் வெட்டினேன்" என்றாள் அரைநூல்.

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"முழுத் தாளாத்தான் கொண்டுவந்தாங்க. அந்தப் பென்சிலை அளவுன்னு நினைச்சுட்டேன். வெட்டினப்புறம்தான் போன் பண்ணிச் சொன்னாங்க. கழிவுலருந்து எடுத்து நான்தான் ஒட்டினேன். அவங்களுக்கு எதுவும் தெரியாது."

கணவர் வாயைத் திறந்தார். அவர் மனசு எங்கே போயிற்று என்று முகத்திலேயே தெரிந்தது. மூலையில் பல வருடம் கிடந்து, பிறகு ஏதோ கல்யாணப் படத்துக்குப் போன அந்த முதல் சின்னச் சட்டத்திடம் போயிருந்தது. "அதுக்குத்தான் பெரிசா போடச் சொன்னியா?" என்றார், மெதுவாக.

காகித டாக்டர் கையைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நாள் சிநேகம்னு வாசல்லயே சொன்னாங்க. அவங்களைக் காப்பாத்த நீங்க இப்படிச் சொல்லலாம். நான் எப்படி நம்பறது?"

பத்தொன்பது வருடம் பொய்யை எல்லோரும் நம்பினார்கள். முதல் தடவையாக உண்மையைச் சொன்னால் சாட்சி கேட்கிறார்கள். உலகம் அநியாயம் என்று இதற்குச் சொல்ல முடியாது. உண்மை தாமதமாக வந்தால் வரிசையில் நின்றுதான் உள்ளே வர வேண்டும்.

அரைநூல் மேசையருகே வந்தாள். படத்தைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அந்தப் பட்டை ஒட்டி பத்தொன்பது வருஷமாச்சு. அதுக்கடியில இருக்கறது யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. சரிதானுங்களா?"

"சரி."

"தாளோட இடது ஓரத்துலருந்து ஒம்பது அங்குலம் ரெண்டு நூல் அளந்துக்குங்க. அந்த இடத்துல படத்தை விட்டு வெளிய தெறிச்ச ஒரு சிவப்புச் சொட்டு இருக்கும். மிளகு அளவு. கத்தி அதுமேலதான் போச்சு. பாதி படத்துல இருக்கும், பாதி துண்டுல இருக்கும். மைதாப் பசைதான். தண்ணி தொட்டா வந்துரும்."

டாக்டர் ஸ்கேலை எடுத்து அளந்தாள். பட்டையில் பென்சிலால் மிக மெல்லிய ஒரு கோடு போட்டாள். உறிஞ்சு தாள் ஒன்றை நனைத்துப் பிழிந்து, அந்த இடத்தில் வைத்து, மேலே ஒரு கண்ணாடித் துண்டை அழுத்தி வைத்தாள். "கால்மணி ஆகும்" என்றாள்.

அந்தக் கால்மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாரும் உட்காரவில்லை. கணவர் ஒருமுறை காப்பி வாங்கிவரட்டுமா என்று கேட்டார், பிறகு தானே வேண்டாம் என்று தலையசைத்துக்கொண்டார். அரைநூலின் மனசில் ஒரே பயம். சொட்டு இருந்தது நிச்சயமா? இத்தனை வருடம் தூக்கம் வராத போதெல்லாம் நினைத்து நினைத்து, இல்லாத ஒன்றைத் தானே உண்டாக்கி வைத்திருந்தால்? ஒம்பதா, எட்டா? அளவு விஷயத்தில் அவளுக்குத் தன்மேல் சந்தேகம் வந்தது வாழ்க்கையில் அன்றுதான். சொட்டு இல்லாவிட்டால் நர்ஸக்கா இருக்கிறவரை ஊருக்குப் பொய்க்காரிதான். தான் தப்பு செய்தவள் என்பது நிரூபணமாக வேண்டுமே என்று ஒருத்தி வேண்டிக்கொண்டு நிற்பதை அந்தத் தெருவில் வேறு எந்தக் கடையிலும் பார்த்திருக்க முடியாது.

கண்ணாடித் துண்டை எடுத்தாள் டாக்டர். தட்டைக் கத்தியை நுழைத்தாள். பட்டை முதலில் வர மறுத்தது. பிறகு ஈரத் தோல் மாதிரி மெல்லக் கழன்றது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"ஒம்பது, ரெண்டு நூல்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மேல பாதி, கீழ பாதி. ஒரே மை. தாளோட இழையும் பொருந்துது" என்றாள்.

நர்ஸம்மா பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை, கண் கலங்கவுமில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"கையெழுத்து இந்தப் படத்தோடதுதான் மேடம். நான் அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க" என்றாள் டாக்டர். "இதை நாங்க எடுத்துக்கறோம். துண்டைச் சரியா சேக்க முடியும். வெட்டுத் தெரியும், ஆனா மறைக்க மாட்டோம்." பிறகு அரைநூலிடம் திரும்பினாள். "யார் வெட்டினது, எப்போ, ஏன்னு அறிக்கையில எழுதணும். உங்க கடைப் பேரும் வரும்."

"எழுதுங்க."

"சட்டம் இந்தத் தடவை நாங்களே போட்டுக்கறோம்" என்றாள் அவள். எண்பது படங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கணவர் புது மேசை விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.

படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி டாக்டர் வண்டிக்கு எடுத்துப் போனாள். காலிச் சட்டம் மேசைமேல் கிடந்தது. நர்ஸம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைச்சீங்க?"

அரைநூலுக்கு முதலில் அந்தக் கேள்வி காதில் ஏறவில்லை. 'நீங்க' என்பதுதான் ஏறியது. பத்தொன்பது வருடமாக 'நீ', 'வாடி', 'போடி' என்று பேசிய வாய்.

"கத்தியிருப்பீங்கக்கா."

"கத்தியிருப்பேன். அப்புறம்?"

அப்புறம் என்பதைப் பற்றி அவள் யோசித்ததே கிடையாது. அந்தக் கத்தலோடு உலகம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள்.

"எதிர்ல உக்காந்து எத்தனை காப்பி குடிச்சிருக்கீங்க" என்றாள் நர்ஸம்மா. குரல் உயரவில்லை. "எங்கக்கா என்னைக் கேலி பண்ணப்போ நீங்களும் பக்கத்துல இருந்தீங்க. பென்சில் மங்கிடும்னு நான் எல்லாருக்கும் பாடம் எடுத்தேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"ஆமாக்கா."

நர்ஸம்மா புதுக் கண்ணாடியை உறையில் போட்டு, உறையைப் பைக்குள் போட்டு, பையின் ஜிப்பை இழுத்தாள். வாசல் வரை போனாள். படியில் நின்றபடி, திரும்பாமல் பேசினாள்.

"கண்காட்சி நாலு மாசம். படம் திரும்பி வர்றப்போ மாட்ட ஆள் வேணும். கோணலா மாட்டினா எனக்குப் புடிக்காது. அதுவரைக்கும் வீட்டுப் பக்கம் வராதீங்க."

அவள் தெருவைக் கடந்து மறுபுறம் போய்ச் சேரும்வரை அரைநூல் பார்த்துக்கொண்டு நின்றாள். கணவர் பின்னால் வந்து நின்றார். அவருக்கும் அவளிடம் கேட்க நிறைய இருந்தது, கேட்பார் என்றும் அவளுக்குத் தெரியும்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கலாம்."

"இத்தனை பேர்கிட்ட மீசைய அடமானம் வெச்சிருக்கேன் நான்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. உள்ளே போய் அவள் அந்தக் காலிச் சட்டத்தைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தாள். கிண்ணத்திலிருந்த ஆணிகளைக் கொட்டி, வளைந்ததை ஒரு பக்கம், நேராக இருந்ததை ஒரு பக்கம் பிரித்து வைக்க ஆரம்பித்தாள். கணவர் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி, முதல்லருந்து சொல்லு" என்றார்.